பாதியில் நின்ற எம்பிராய்டரியும் கில்ட்டும்: புத்தாண்டில் மீண்டும் கையில் எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாதியில் கிடக்கும் கைவேலை ஒன்றை எடுத்து, ஊசி கடைசியாக எங்கே நின்றது என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த இடத்தில் ஒரு சிக்கல் இருக்கும். நூல் தீர்ந்துபோயிருக்கும். எண்ணிக்கை ஒரு கட்டம் தவறி, பார்டர் சேராமல் நிற்கும். பூவெல்லாம் முடிந்து, ஒரே நிறத்தில் ஆயிரக்கணக்கில் தையல் போடவேண்டிய பின்னணி மட்டும் மிச்சமிருக்கும். துண்டுத்துணிகளை இணைத்துத் தைக்கும் கில்ட் விரிப்பு என்றால் மேல்துணி முழுக்கத் தைத்தாகியிருக்கும். மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி என்ற மூன்று அடுக்கையும் விரித்துப் பிடிக்க வீட்டில் தரை காலியாகக் கிடைத்திருக்காது. இதையெல்லாம் மறந்துவிட்டு, "எனக்குப் பொறுமை பத்தாது" என்று பழியைத் தூக்கி நம் தலையிலேயே போட்டுக்கொள்கிறோம். புது டைரியில் "இந்த வருஷம் முடித்தே தீருவது" என்று எழுதிவிட்டு அதே சிக்கலின் முன்னால் போய் உட்கார்ந்தால், பிப்ரவரியில் துணி மறுபடியும் பைக்குள் போய்விடும்.

அதனால் இங்கே ஊசியில் நூல் கோப்பது கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். துணியின் நிலையைப் பார்ப்பது, நின்ற காரணத்தைக் கண்டுபிடிப்பது, மிச்ச வேலையை எண்ணிப் பார்ப்பது, அப்புறம்தான் தையல். கிராஸ் ஸ்டிட்ச் (கட்டத்தை எண்ணிப் பெருக்கல் குறியாகப் போடும் தையல்), சாதாரணக் கை எம்பிராய்டரி, ஆரி வேலை (கொக்கி ஊசியால் போடுவது), துண்டுத்துணி கில்ட் என்று நாலுக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வேண்டாத பகுதியைத் தாண்டிப் போகலாம்.

1. எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்

ஜனவரி 1-க்கும் போகிக்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டு வாரம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும், வெயில் சுடாது, துணி காயும். இன்னொரு காரணமும் உண்டு. போகிக்கு வீட்டை ஒழிக்கிற வேகத்தில், கில்ட்டுக்காக நீங்கள் வெட்டிவைத்த அறுகோணத் துண்டுகள் வெட்டுத்துணிக் குப்பையாக மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியும். அதற்கு முன்னால் நீங்களே பிரித்துவைப்பது நல்லது.

ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாகப் பரப்பி, அதற்குரிய நூல், சார்ட் (டிசைனின் கட்டப் படம்), மிச்சத் துணி எல்லாவற்றையும் பக்கத்தில் வையுங்கள். ஒரு போட்டோ எடுங்கள். பிறகு துணியைச் சோதிக்கவேண்டும்:

துணியை இழுத்துப் பிடிக்கும் எம்பிராய்டரி வளையம் மாட்டியபடியே இருந்தால் உடனே கழற்றுங்கள். வருடக்கணக்கில் இறுகிய வளையம் வட்டமாக மடிப்பும் அழுக்குக் கோடும் விட்டிருக்கும். மடிப்பு, தண்ணீர் தெளித்து, தடித்த டவல் மேல் தையல் பக்கம் கீழே இருக்கும்படி போட்டு இஸ்திரி செய்தால் போகும். ஆனால் அழுக்குக் கோடு இருந்தால் இஸ்திரிப் பெட்டியைத் தொடாதீர்கள். சூடு பட்டால் கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் அலசல், பிறகுதான் சூடு.

ஊசியோ குண்டூசியோ துணியிலேயே குத்தி வைத்திருந்தால் துருக்கறை இருக்கலாம். வெள்ளைப் பருத்தியானால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி, வெயிலில் கொஞ்ச நேரம் வைத்து, நன்றாக அலசிப் பாருங்கள். வண்ணத்துணியில் இதைச் செய்யவேண்டாம், சாயம் வெளுக்கும். அங்கே துரு மேல் ஒரு பூவோ இலையோ தைத்து மூடிவிடுவதுதான் சுலபம்.

டிசைன் வரைந்த பேனா எது என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தண்ணீரில் கரையும் நீலப் பேனா என்றால், குளிர்ந்த வெறும் தண்ணீரில் முழுக்க அலசும்வரை இஸ்திரி கூடாது. சூட்டில் அந்தக் கோடு பழுப்பாகி நிலைத்துவிடும். ஊதாப் பேனா காற்றிலேயே மறைவது. அது எப்போதோ மறைந்திருக்கும், மறுபடி வரையவேண்டியதுதான். சூட்டில் மறையும் ஃப்ரிக்‌ஷன் பேனா ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸில் மறையும். ஆனால் கடுங்குளிரில் திரும்பி வந்துவிடும். சென்னையில் இது பிரச்சினையே இல்லை. டொராண்டோவில் இருக்கும் மகளுக்கு அனுப்பப்போகும் கில்ட் என்றால், பனிக்காலத்தில் உங்கள் கோடெல்லாம் அங்கே எட்டிப்பார்க்கலாம்.

பூஞ்சை வாடை இருந்தால் நிழலில், காற்றோட்டத்தில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். கஞ்சி போட்ட துணியாக இருந்தால் சின்னச்சின்ன ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். கஞ்சி என்றால் வெள்ளிமீன் பூச்சிக்கு விருந்து.

2. ஏன் நின்றது?

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்னத் தாளில் ஒரே வரி எழுதுங்கள்: இது எதனால் நின்றது? "நேரமில்லை" என்று எழுதக்கூடாது. நேரமில்லாத அதே நாட்களில் வேறொரு புது வேலை தொடங்கியிருப்போம். "கரும்பச்சை நூல் தீர்ந்தது." "இடது மூலையில் இரண்டு கட்டம் தள்ளிப்போயிருக்கிறது." "நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்கு (பேட்டிங்) எதை வாங்குவது என்று தெரியவில்லை." இப்படித் துல்லியமாக இருக்கவேண்டும்.

எழுதி முடித்ததும் பாதி வேலைகளுக்கு வழி அங்கேயே தெரிந்துவிடும். நூல் வாங்கினால் ஓடக்கூடிய வேலையை, நூல் வாங்கத் தோன்றாமலேயே நாம் மூன்று வருடம் தூக்கிச் சுமந்திருப்போம். சலிப்பினால் நின்றது மட்டும் கொஞ்சம் வேறு ரகம். பின்னணி முழுக்க ஒரே நீலம் என்றால், அதை விட்டுவிட முடியுமா என்று பாருங்கள். நிறைய கிராஸ் ஸ்டிட்ச் டிசைன்களில் வானத்தை நிரப்பாமல் துணியின் நிறத்தையே பின்னணியாக விட்டால் அழகு கெடுவதில்லை. சில சமயம் கூடுகிறது. சார்ட் சொன்னதற்காக வானம் முழுக்கத் தைக்கவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

அப்புறம், தேவை போய்விட்ட வேலைகள். தொட்டில் குழந்தைக்கு என்று தொடங்கிய கரடிபொம்மை கில்ட் பாதியில் நிற்க, குழந்தை பள்ளி வேனுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதை அதே பெயரில் முடிக்கப் பார்த்தால் கை ஓடாது. அடுத்து எந்த வீட்டில் குழந்தை வரப்போகிறது என்று யோசியுங்கள்.

3. மிச்சத்தை எண்ணிப் பாருங்கள்

இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என் கணக்கில் இதுதான் முக்கியமான படி.

கிராஸ் ஸ்டிட்சில் கணக்கு நேரானது. கட்டம் கட்டமாக நெய்த ஐடா துணியில் 14 கவுண்ட் என்றால் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம். 140 கட்டம் அகலம், 210 கட்டம் உயரம் உள்ள டிசைன் 10-க்கு 15 அங்குலம் வரும். மொத்தக் கட்டம் 29,400. பாதி முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 14,700. இப்போது கடிகாரம் வைத்து ஒரு மணி நேரம் தைத்து, எத்தனை வந்தது என்று எண்ணுங்கள். உதாரணமாக 100 வந்தால், இன்னும் 147 மணி நேர வேலை இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்று உட்கார்ந்தால் 59 வாரம். அதாவது ஒரு வருடத்தைத் தாண்டும். வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கினால் டிசம்பரில் முடியும். பாதி முடிந்த வேலைக்கே இவ்வளவு என்றால், அது இத்தனை வருடம் இழுத்ததில் ஆச்சரியம் என்ன?

அறுகோண கில்ட்டின் கணக்கு இன்னும் பயமுறுத்தும். பக்கம் 1 அங்குலம் உள்ள அறுகோணம் ஒன்றின் பரப்பு ஏறக்குறைய 2.6 சதுர அங்குலம். 60-க்கு 90 அங்குலக் கட்டில் விரிப்புக்கு 2,000-க்கு மேல் வேண்டும். உங்களிடம் 300 இருந்தால் இன்னும் 1,700-க்கு மேல் அறுகோணத் தாளின் மேல் துணியைச் சுற்றித் தைத்து, ஒன்றோடொன்று சேர்க்கவேண்டும். ஆனால் 16 அங்குலத் தலையணை உறைக்குச் சுமார் 100 போதும். அந்த 300-ஐ வைத்து மூன்று உறை இந்த வருடமே முடியும். விரிப்புத்தான் வேண்டுமா, உறை போதுமா என்பதை இந்த எண்ணைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சாதாரணக் கை எம்பிராய்டரியில் கட்டம் இல்லை. அங்கே ஒரு பூ அல்லது ஒரு கொடியை ஓர் அலகாக வைத்து, அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்த்தால் சரி.

4. எதைத் தொடர்வது, எதை விடுவது

ஒரே சமயத்தில் கையில் இரண்டு வேலை இருக்கட்டும்; மீறிப்போனால் மூன்று. ஒன்று பெரியது, மேஜையை விட்டு நகராதது. இன்னொன்று சின்னது, கைப்பையில் போகக்கூடியது. ரயிலிலும் மருத்துவமனை வராந்தாவிலும் ஓடுவது இந்தச் சின்ன வேலைதான். மற்றவை சுத்தமாக மடித்து, குறிப்போடு உள்ளே போகட்டும்.

விட்டுவிடுவதிலும் தப்பில்லை. துணி நைந்துபோனது, நிறம் இப்போது கண்ணுக்குப் பிடிக்காதது, கடனே என்று தொடங்கியது, இவற்றுக்கு இன்னும் 150 மணி நேரம் தரவேண்டாம். முடிந்த பகுதியை மட்டும் வெட்டி ஃப்ரேம் போடலாம், பையின் முகப்பாக வைக்கலாம். நூலும் நல்ல துணியும் வேறு வேலைக்கு வரும்.

தனித்தனியாக மிச்சமான கில்ட் பிளாக்குகளும் (துண்டுகளை இணைத்துத் தைத்த கட்டங்கள்) வெட்டுத்துண்டுகளும் இருந்தால், கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி சமூகத்துப் பெண்கள் தைக்கும் கவந்தியைப் பாருங்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினரான அவர்கள், துண்டுத்துணிகளை முன்கூட்டி இணைத்து மேல்துணி செய்வதில்லை. அடித்துணியின் ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்று விளிம்பேற்றி வைத்து, ஓட்டுத் தையலாலேயே சுற்றிச்சுற்றி நடுவை நோக்கிப் போவார்கள். அளவு கச்சிதமாக இருக்கவேண்டியதில்லை. இணைப்பதும் கில்ட் செய்வதும் ஒரே தையலில் முடிகிறது. வங்காளத்துக் காந்தாவும் பழைய சேலை, வேட்டி அடுக்குகளை ஓட்டுத் தையலால் பிடிப்பதுதான். எதற்கும் பொருந்தாமல் கிடக்கும் துண்டுகளுக்கு இந்த இரண்டையும்விட நல்ல கதி எனக்குத் தெரியவில்லை.

5. கையும் கண்ணும் பழகட்டும்

நேராகப் பழைய வேலையில் கை வைக்காதீர்கள். அதே துணியின் ஓரத்துண்டில், அதே நூலில், அரை மணி நேரம் தைத்துப் பாருங்கள். இத்தனை வருடத்தில் நூலை இழுக்கும் இறுக்கம் மாறியிருக்கும். பழைய சங்கிலித் தையல் சின்னதாகவும் புதியது பெரிதாகவும் வந்தால், கோடு போட்ட மாதிரி வித்தியாசம் தெரியும். பழைய வேலையைப் பக்கத்தில் வைத்து, அதன் அளவுக்குக் கை வரும்வரை ஓரத்துண்டிலேயே இருங்கள்.

கிராஸ் ஸ்டிட்சில் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: மேலே வரும் கால் எந்தப் பக்கம் சாய்கிறது? பழையது வலப்பக்கம் சாய்ந்து, புதியது இடப்பக்கம் சாய்ந்தால், வெளிச்சம் படும் விதமே மாறி, நீங்கள் மறுபடி தொடங்கிய இடம் திட்டாகத் தெரியும். நூலில் எத்தனை இழை எடுத்திருந்தீர்கள் என்பதையும் பின்பக்கம் திருப்பி எண்ணுங்கள். 14 கவுண்டில் பொதுவாக இரண்டு இழை.

நாற்பது வயதைத் தாண்டியிருந்து, "முன்பு மாதிரி தைக்க வரவில்லை" என்று தோன்றினால், அது பெரும்பாலும் கண்ணாடி விஷயம். கண் மருத்துவரிடம் போகும்போது, தைக்கும் துணியைக் கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். புத்தகம் படிக்கும் தூரமும் இதுவும் ஒன்றாக இருக்காது. விளக்கு, வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கத்திலிருந்து வரட்டும். இல்லாவிட்டால் கையின் நிழல் ஊசி முனையில் விழும். ஊசியையும் மாற்றுங்கள். 14 கவுண்ட் ஐடாவுக்கு முனை மழுங்கிய 24 அல்லது 26 நம்பர் டேப்பெஸ்ட்ரி ஊசி. கையால் கில்ட் தைக்க, குட்டையான பிட்வீன்ஸ் ஊசி.

தைக்க உட்காரும் முன் கையைக் கழுவித் துடைத்துவிடுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்த கையும் மஞ்சள் பட்ட விரலும் வெள்ளைத் துணியில் விடும் அடையாளம், உடனே தெரியாவிட்டாலும் பிறகு தெரியும்.

6. பழைய நூலும் புது நூலும்

ஆங்கர், டி.எம்.சி. என்ற இரண்டு பிராண்டிலும் எம்பிராய்டரி நூல்கண்டு 8 மீட்டர், ஆறு இழை. லேபிளில் நிற எண் இருக்கும். லேபிள் தொலைந்திருந்தால்தான் பாடு. துண்டு நூலைக் கடைக்கு எடுத்துப்போய், பகல் வெளிச்சத்தில் வாசலுக்கு வந்து ஒப்பிடுங்கள். கடையின் டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு பச்சை, வெயிலில் வேறுவேறாகத் தெரியும்.

1746-இல், இன்று பிரான்ஸில் இருக்கும் முல்ஹவுஸ் நகரில் தொடங்கிய டி.எம்.சி.யின் எண்களும் ஆங்கர் எண்களும் வேறு. கறுப்பு, டி.எம்.சி.யில் 310, ஆங்கரில் 403. இரண்டையும் ஒப்பிடும் அட்டவணைகள் கிடைக்கும். ஆனால் அவை "கிட்டத்தட்ட இது" என்று சொல்பவைதான். கறுப்பில் பிரச்சினை வராது. இளஞ்சிவப்பிலும் தோல் நிறங்களிலும் வரும். ஒரு முகத்தைப் பாதி அந்த நூலிலும் பாதி இந்த நூலிலும் தைக்காதீர்கள்.

எண் ஒன்றாகவே இருந்தாலும், வேறு வேளையில் சாயம் போட்ட நூல் லேசாக மாறலாம். பழைய நூல் வெளிச்சம் பட்டு வெளுத்தும் இருக்கலாம். இதற்கு வழி உண்டு. பழைய நூல் கொஞ்சமாவது மிச்சமிருக்கும்போதே புதியதை வாங்கி, இரண்டும் சந்திக்கும் பகுதியில் ஓர் இழை பழையது, ஓர் இழை புதியது என்று சேர்த்துக் கோத்துத் தையுங்கள். மாற்றம் கண்ணில் படாது. பழையது சுத்தமாகத் தீர்ந்துவிட்டால், ஒரு பூவின் நடுவில் மாற்றாமல் அடுத்த பூவிலிருந்து புது நூலைத் தொடங்குங்கள்.

சிவப்பு, கருநீலம், கறுப்பு நூல்களை, பழையதோ புதியதோ, ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், அந்த நூலைத் தைப்பதற்கு முன்பே தண்ணீர் தெளியும்வரை அலசிக் காயவையுங்கள்.

7. தவறைப் பிரிப்பதா, விடுவதா

எல்லாத் தவறும் பிரிக்கத் தகுந்ததல்ல. இலைக் கூட்டத்தில் ஒரு கட்டம் தள்ளிப்போயிருந்தால் உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது, விட்டுவிடுங்கள். பார்டரிலோ எழுத்திலோ கட்டடத்தின் கோட்டிலோ ஒரு கட்டம் தவறினால் விடமுடியாது. சுற்றிவந்து சேரும் இடத்தில் சேராது. இரண்டு பக்கமும் ஒத்திருக்கவேண்டிய டிசைனும் அப்படித்தான்.

பிரிக்கும்போது ஊசியால் பின்னோக்கி இழுத்துக்கொண்டே வராதீர்கள். சின்னக் கத்தரியால் இரண்டு மூன்று தையலுக்கு ஒருமுறை வெட்டி, பின்பக்கமிருந்து ட்வீசரால் எடுங்கள். ஒட்டியிருக்கும் நார்த்தூசியை செலோடேப்பால் ஒற்றி எடுக்கலாம். பிரித்த நூலை மறுபடி பயன்படுத்தவேண்டாம், பிசிறு தட்டியிருக்கும்.

மறுபடி எண்ணிக்கை தவறாமலிருக்க, ஐடா துணியில் 10 கட்டத்துக்கு ஒரு கோடாக மெல்லிய வேறுநிற நூலை நீளவாக்கிலும் குறுக்காகவும் ஓட்டுங்கள். சார்ட்டிலும் பத்துக்குப் பத்து தடித்த கோடு இருக்கும், இரண்டும் பொருந்தும். முடிந்த கட்டங்களைச் சார்ட்டின் நகலில் ஹைலைட்டரால் அடித்துக்கொண்டே வாருங்கள். நீலகிரியில் தோடர் பெண்கள் துணியில் எதையும் வரையாமல், இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகத் தைத்துவிடுகிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. நமக்கு அந்தக் கண் வரும்வரை கோடு போட்டுக்கொள்வோம்.

8. ஆரி ரவிக்கை பாதியில் நின்றால்

கொரோனா ஊரடங்கு நாட்களில் ஆரி கற்றுக்கொள்ள ஆரம்பித்த பலரிடம் ஒரு ரவிக்கைத் துணி இப்படிக் கிடக்கும். முதலில் பார்க்கவேண்டியது தையலை அல்ல, உங்கள் இன்றைய அளவை. டேப்பை எடுத்துத் தோள், மார்பு, கைச்சுற்று அளந்து, துணியில் குறித்திருக்கும் கோட்டோடு ஒப்பிடுங்கள். கழுத்து மட்டும் முடிந்திருந்தால் பக்கவாட்டில் துணி விட்டு டெய்லர் சமாளித்துவிடுவார். கைக்கு ஓரம் சுற்றி பார்டர் போட்டு முடித்திருந்து, கை பிடிக்கும் என்று தெரிந்தால், பார்டர் சேரும் இடத்தில் கூடுதல் துணி கொடுக்க வழியிருக்கிறதா என்று இப்போதே டெய்லரிடம் கேளுங்கள். மணியெல்லாம் கோத்து முடித்தபிறகு கேட்பதில் பயனில்லை.

ஆரியின் அடிப்படை சங்கிலித் தையல். நுனி முடிச்சுப் போடாமல் நின்றிருந்தால், ஒரு இழுவையில் வரிசை முழுக்க உருவிக்கொண்டு வந்துவிடும். எனவே ஸ்டாண்டிலிருந்து கழற்றும் முன் எல்லா நுனியையும் பின்பக்கம் திருப்பிப் பார்த்துப் பூட்டுங்கள். ஜரிகை கறுத்திருந்தால் அந்த இடத்தைப் பிரித்துப் புதிதாகப் போடுவதுதான் வழி. தேய்த்துத் துலக்க முயன்றால் பட்டு பாழாகும். மேலே நேரடியாக இஸ்திரி கூடவே கூடாது.

9. கில்ட்: துண்டிலிருந்து பைண்டிங் வரை

பிளாக்குகள் பாதி தைத்த நிலையில் இருந்தால், முடிந்தவற்றை ஸ்கேல் வைத்து அளந்து, ஒவ்வொன்றின் அளவையும் எழுதுங்கள். தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம் என்பது பொது வழக்கம். ஆனால் உங்கள் கால் அங்குலமும் பழைய மெஷினின் கால் அங்குலமும் ஒன்றாக இருக்கவேண்டுமே. ஒரு தையலில் 1 மில்லிமீட்டர் கூடினால் இரண்டு துண்டிலும் ஒவ்வொரு மில்லிமீட்டர் போகும். பத்து தையல் உள்ள வரிசையில் 2 சென்டிமீட்டர் குறைந்துவிடும். வரிசைகள் பொருந்தாமல் நிற்பதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

சோதிக்க ஒரு வழி: ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, பக்கம்பக்கமாகத் தைத்து, இஸ்திரி செய்து அளங்கள். மொத்தம் மூன்றரை அங்குலம் இருக்கவேண்டும், நடுப்பட்டை சரியாக ஒன்று. இல்லையென்றால் துணி நகரும் இடத்தை மாற்றி, மெஷின் தகட்டில் டேப் ஒட்டி எல்லை வைத்துக்கொள்ளுங்கள். பழைய பிளாக்குகள் எல்லாமே ஒரே அளவுக்குச் சின்னதாக இருந்தால், பிரிக்கவேண்டாம். புதியவற்றையும் அதே அளவுக்குத் தைத்துவிடுங்கள். கில்ட்டில் எல்லாம் ஒத்துப்போனால் போதும்.

துணியைத் துவைத்துத் தைத்தீர்களா, துவைக்காமலா? மிச்சத் துணியைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். துவைக்காதது மொடமொடப்பாக இருக்கும். எப்படித் தொடங்கினீர்களோ அப்படியே முடியுங்கள். பாதி சுருங்கியும் பாதி சுருங்காமலும் இருக்கும் மேல்துணி முதல் துவையலிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

தாள் வைத்துத் தைக்கும் அறுகோணங்களில், ஆறு பக்கமும் அண்டைத் துண்டோடு சேர்ந்த பிறகுதான் உள்ளிருக்கும் தாளை எடுக்கவேண்டும். இங்கிலாந்தில் முடிக்காமல் விட்ட பழைய கில்ட்டுகள் சிலவற்றில் இந்தத் தாள்கள் இன்னும் உள்ளே இருக்கின்றன. பழைய கடிதத்தையும் கணக்குத்தாளையும் வெட்டி வைத்ததால், அவை தைத்த காலத்தைக் கணிக்க உதவுகின்றன. உங்கள் அறுகோணத்துக்குள் மின்கட்டண ரசீது இருந்தால் எந்த வருடம் தொடங்கினீர்கள் என்று உங்களுக்கும் தெரிந்துபோகும்.

மேல்துணி தயார் என்றால் அடுத்தது அடித்துணி. 60-க்கு 90 அங்குல மேல்துணிக்கு, நாலு பக்கமும் 4 அங்குலம் விட்டு 68-க்கு 98 வேண்டும். 44 அங்குல அகலத் துணியானால் இரண்டு நீளம் இணைக்க ஏறக்குறைய 5 மீட்டர் ஆகும். 90 அங்குல அகலப் பெட்ஷீட் துணியானால் இணைப்பே வேண்டாம், இரண்டரை மீட்டர் போதும். அதைவிடச் சுலபம், நைந்துபோகாத ஒரு பழைய பருத்திச் சேலை. ஐந்தரை மீட்டரைச் சரிபாதியாக வெட்டினால் ஒவ்வொன்றும் 108 அங்குல நீளம். பக்கம்பக்கமாக இணைத்தால் அளவு தாராளமாக வந்துவிடும். பழகிய துணி என்பதால் இனிச் சுருங்கவும் செய்யாது. காடா துணி எடுத்தால் மட்டும் முதலில் ஒருமுறை துவைத்துவிடுங்கள், நன்றாகச் சுருங்கும்.

நடுவில் வைக்கும் பேட்டிங் பருத்தியானால் 3 முதல் 5 சதவீதம்வரை சுருங்கலாம். சுருங்கிய கில்ட்டின் சுருக்கத் தோற்றம் சிலருக்குப் பிடிக்கும். பிடிக்காதவர்கள் பாலியஸ்டர் எடுக்கலாம். எவ்வளவு இடைவெளிக்குள் தைக்கவேண்டும் என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கும். பாக்கெட் இல்லையென்றால் உள்ளங்கை அகலத்தைத் தாண்டாமல் தைப்பது பாதுகாப்பு. நம் ஊர் வெயிலுக்கு பேட்டிங்கே வேண்டாம், நடுவில் ஒரு பழைய வேட்டியை வைத்தால் போதும் என்பது என் கட்சி.

மூன்றையும் விரிக்க இடமில்லை என்பதுதான் நிறைய கில்ட்டுகள் நிற்கும் இடம். இரண்டு மேஜையைச் சேர்த்துப் போட்டு, நடுப்பகுதியை முதலில் பிடித்து, பிறகு நகர்த்தி நகர்த்திப் பக்கங்களைப் பிடிக்கலாம். கல்யாண மண்டபம் மாதிரி ஹால் தேவையில்லை. அடித்துணியை உட்பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, இழுத்து டேப் ஒட்டி, அதன்மேல் பேட்டிங், அதன்மேல் மேல்துணி நேராக. நடுவிலிருந்து வெளிநோக்கித் தடவிக்கொண்டே, 4 அங்குலத்துக்கு ஒரு சேஃப்டி பின். பின் குத்திய கில்ட்டை மடித்து உள்ளே வைக்கக்கூடாது, துருப்பிடிக்கும். தொடர முடியாது என்று தெரிந்தால் பின்னுக்குப் பதிலாக நூலால் நீளநீளமாக ஓட்டிப் பிடித்துவையுங்கள்.

கில்ட் தையலையும் நடுவிலிருந்தே தொடங்குங்கள். ஓரத்திலிருந்து வந்தால் நடுவில் துணி புடைக்கும். கில்ட்டின் ஓரத்தை மூடித் தைக்கும் பட்டையான பைண்டிங்குக்கு, சுற்றளவு 300 அங்குலத்தோடு மூலைக்கும் இணைப்புக்கும் 12 சேர்த்தால் 312. அதற்கு 42 அங்குல நீளப் பட்டை எட்டு வேண்டும். இரண்டரை அங்குல அகலம் என்றால் 20 அங்குலத் துணி. முக்கால் மீட்டர் வாங்கினால் தப்பு நேர்ந்தாலும் கவலையில்லை.

10. வருடத்தைப் பிரிப்பதும் குறிப்பு எழுதுவதும்

ஏப்ரல், மே மாதங்களில் மடியில் கில்ட்டைப் போட்டுக்கொண்டு தைப்பது தண்டனை. கை வியர்த்து நூல் அழுக்காகும். எனவே கனமான வேலை பிப்ரவரிக்குள், வெயில் காலத்தில் சின்ன வளையமும் அறுகோணமும். அடித்துணி வாங்க ஆடித் தள்ளுபடி. அலசிக் காயவைக்கவேண்டியதை அக்டோபர் மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். மார்கழியில் கச்சேரி கேட்டுக்கொண்டே ஓட்டுத் தையல் போடுவது தனி சுகம். எண்ணவேண்டிய வேலையை மட்டும் அப்போது எடுக்காதீர்கள், ராகம் கவனத்தைக் கொண்டுபோய்விடும்.

ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும் ஒரு வரிசையின் நடுவில் நிறுத்துங்கள். அடுத்து என்ன என்று யோசிக்காமலே உட்காரலாம். ஊசியைத் துணியில் விடாமல் பின்குஷனில் குத்துங்கள், வளையத்தைக் கழற்றுங்கள்.

ஒரு வாரத்துக்கு மேல் விடப்போகிறீர்கள் என்றால் குறிப்பு கட்டாயம். நூலின் எண், எத்தனை இழை, ஊசி நம்பர், மேல்கால் சாயும் பக்கம், சார்ட்டில் நின்ற இடம். கில்ட் என்றால் பிளாக் அளவு, துணி துவைத்ததா, மெஷினில் தையல் நீளம் எவ்வளவு, தையலுக்கு எவ்வளவு ஓரம். கடைசியாக, அடுத்து செய்யவேண்டிய ஒரே ஒரு வேலை. "தொடரவேண்டும்" என்று எழுதாதீர்கள். "கீழ் வலது மூலை ரோஜாவுக்கு இரண்டாவது இலை" என்று எழுதுங்கள். தாளைத் துணிப்பைக்குள்ளேயே போடுங்கள். போனில் மட்டும் வைத்தால், போன் மாறும்போது குறிப்பும் போகும்.

பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும். பழைய பருத்தித் தலையணை உறை நல்லது. செய்தித்தாளில் சுற்றினால் மையும் மஞ்சளும் இறங்கும். அந்துருண்டை ஜரிகையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

11. முடித்த பிறகு

முடிந்ததும் பின்பக்க மூலையில் ஒரு சின்னத் துணி லேபிள் தையுங்கள்: உங்கள் பெயர், ஊர், தொடங்கிய வருடம், முடித்த வருடம். 2017–2026 என்று இருந்தால் வெட்கப்படவேண்டாம், அப்படியே போடுங்கள்.

முதல் துவையல் தனியாக, குளிர்ந்த தண்ணீரில், லேசான சோப்பில். சாயம் கசிந்தால் பதறி வெளியே எடுத்துக் காயப்போடாதீர்கள். காய்ந்துவிட்டால் அந்தச் சாயத்தை எடுப்பது கஷ்டம். தண்ணீரை மாற்றி மாற்றி, நிறம் வருவது நிற்கும்வரை அலசிக்கொண்டே இருங்கள். பிறகு முறுக்கிப் பிழியாமல், டவலில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, தட்டையாக விரித்து நிழலில் காயவையுங்கள்.